இணையப் பதுக்கம்

இணையப் பதுக்கம் என்பது ஒரு வலைப்பக்கத்தின் நகலைப் படிப்பவருக்கு அருகில் சேமித்து வைத்து, அடுத்த முறை கேட்கும்போது அங்கிருந்தே வழங்கும் முறையாகும். ஆங்கிலத்தில் இது கேச் எனப்படும். பதுக்கல் என்ற சொல்லுக்குத் தமிழில் நல்ல பெயர் இல்லை; ஆனால் இங்கே பதுக்குவது விரைவாகக் கொடுப்பதற்காக.

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில் ஒரு மாணவர் தமது ஊரைப் பற்றிய தமிழ் விக்கிப்பீடியா கட்டுரையைத் திறப்பதாகக் கொள்வோம். கட்டுரையை உருவாக்கித் தரும் மைய வழங்கிகள் அமெரிக்காவின் வர்ஜீனியா, டெக்சாஸ் மாநிலங்களில் உள்ளன. நேர்த்தொலைவே 14,000 கி.மீ.க்கு மேல். கண்ணாடியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. செல்லும். எனவே ஒருமுறை போய்வர 140 மில்லிநொடியாவது ஆகும். பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்த இரண்டு முறை, பக்கத்தைக் கேட்டுப் பெற ஒரு முறை என மூன்று முறை போய்வந்தால் 420 மில்லிநொடி. மாதக் கட்டணத்தைக் கூட்டி வேகமான இணைப்பு வாங்கினாலும் இந்தக் காத்திருப்பு குறையாது.

விக்கிமீடியா நிறுவனம் 2018 இல் சிங்கப்பூரில் ஒரு பதுக்க மையத்தைத் தொடங்கியது. இந்திய வாசகர்களின் வேண்டுகோள்கள் பொதுவாக அங்கே செல்கின்றன. சங்கரன்கோவிலிலிருந்து சிங்கப்பூர் சுமார் 3,000 கி.மீ.; அதே மூன்று பயணங்களுக்கு 90 மில்லிநொடி போதும். (கடலடிக் கம்பிவடங்கள் நேர்க்கோட்டில் செல்வதில்லை என்பதால் நடைமுறையில் இரண்டு கணக்குமே கூடும்.)

மையத்தில் சேமிப்பு இரண்டு அடுக்காக உள்ளது. அடிக்கடி கேட்கப்படுபவை தற்காலிக நினைவகத்தில் இருக்கும்; அது மிக விரைவானது, ஆனால் கொள்ளளவு குறைவு. மற்றவை எஸ்எஸ்டி வட்டுகளில் இருக்கும். இவை தவிர, மாணவரின் கைபேசி உலாவியும் சின்னங்களையும் வடிவமைப்புக் கோப்புகளையும் தன்னிடமே வைத்துக்கொள்ளும்.

பதுக்கம் எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே அளவில் உதவுவதில்லை. பலரும் படிக்கும் பக்கத்தின் நகல் எப்போதும் தயாராக இருக்கும். அரிதாகத் திறக்கப்படும் பக்கத்தின் நகல் காலாவதியாகி நீங்கிவிடும். அடுத்து வருபவருக்காக அது மீண்டும் அமெரிக்காவிலிருந்து வரவேண்டும். சிற்றூர்களைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகள் பல இந்த வகையில் சேர்வதற்கே வாய்ப்பு அதிகம். ஆடித்தபசுத் திருவிழா நாள்களில் சங்கரன்கோவில் கட்டுரையைப் பலர் தேடினால், முதலில் திறப்பவர் மட்டும் காத்திருப்பார். பின்னால் வருபவர்களுக்குச் சிங்கப்பூரிலேயே நகல் கிடைக்கும்.

விரைவைவிடக் கடினமானது நகலைப் புதிதாக வைத்திருப்பது. கட்டுரையில் ஒருவர் பிழையைத் திருத்தியதும், பழைய நகலை நீக்குமாறு எல்லாப் பதுக்க மையங்களுக்கும் செய்தி அனுப்பப்படுகிறது. ஒரு கட்டுரைக்கு இது எளிது. ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் பயன்படும் வார்ப்புரு ஒன்றை மாற்றினால் அத்தனை பக்கங்களையும் புதுப்பிக்க வேண்டும். அந்த வேலை வரிசையில் நின்று முடியும்வரை சில பக்கங்களில் பழைய செய்தியே தெரியும்.

புகுபதிகை செய்த பயனர்களுக்குக் கட்டுரைப் பக்கம் இந்த மையங்களின் நகலிலிருந்து வழங்கப்படுவதில்லை. அவர்களின் பெயர், விருப்பத்தேர்வுகள், அறிவிப்புகள் ஆகியவை ஆளுக்கு ஆள் மாறுபடுவதே காரணம். ஆகவே சங்கரன்கோவிலில் அமர்ந்து தம் ஊர்க் கட்டுரையைத் தொடர்ந்து திருத்தி வருபவர், அதை வெறுமனே படிப்பவரைவிடக் கூடுதல் நேரம் காத்திருக்கிறார். படங்கள் மட்டும் அவருக்கும் சிங்கப்பூரிலிருந்தே வருகின்றன.