350 சிசி கோட்டைத் தாண்டலாமா? ஸ்போர்ட் டூரிங் பைக்குக்கு மாறும் முன் போட வேண்டிய கணக்கு

பேரையூரில் பைக் வைத்திருப்பவருக்குத் திசைக்கு ஒரு ரோடு காத்திருக்கிறது. டி.கல்லுப்பட்டிக்கு வந்தால் திருமங்கலம் - கொல்லம் தேசிய நெடுஞ்சாலை 744. அதைப் பிடித்தால் ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு. உசிலம்பட்டிக்குப் போனால் தேனி, போடி வழியாக மூணாறு ஏறும் 85. திருமங்கலத்தைத் தொட்டுவிட்டால் கன்னியாகுமரி வரை நான்குவழிச் சாலை 44. டூவீலருக்கு டோல்கேட் கட்டணமும் கிடையாது. இப்படிப்பட்ட ஊரில் 125, 150 சிசி வண்டி ஓட்டுபவருக்கு, இரண்டு மூன்று வருடத்தில் ‘கொஞ்சம் பெருசா மாறிடலாமா?’ என்ற எண்ணம் வருவது இயல்புதான்.

‘லாங் போகணும்னா 400 வேணும்டா’ என்பார் நண்பர். ‘ஓடுற வண்டியை வித்துட்டு எதுக்குப்பா கடன்?’ என்பார் அப்பா. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு இந்த விவாதத்தில் ஒரு புது எண் நுழைந்துவிட்டது. அது 350.

ஸ்போர்ட் டூரிங் என்றால் என்ன?

ரேஸ் பைக்கில் குனிந்து படுத்து ஓட்ட வேண்டும். சாதா பைக்கில் நிமிர்ந்து உட்காரலாம். ஆனால் காற்று முழுவதும் நெஞ்சில் மோதும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் ஸ்போர்ட் டூரிங். முன்னால் காற்றைத் திருப்பிவிடும் ஃபேரிங் அல்லது விண்ட் ஸ்கிரீன், லேசாக மட்டும் குனிய வைக்கும் ஹேண்டில்பார், பின்னால் உட்காருபவருக்கும் சரியான சீட், பை கட்ட இடம், மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓடினாலும் அதிராத இன்ஜின் ஆகியவை இதன் அடையாளம்.

1976-ல் வந்த பிஎம்டபிள்யூ ஆர்100 ஆர்எஸ் இந்த வகைக்கு முன்னோடியாகச் சொல்லப்படுகிறது. இந்தியாவில் 2003-ல் வந்த ஹீரோ ஹோண்டா கரிஸ்மா, நெடுந்தூரம் போக நினைத்த ஒரு தலைமுறையின் கனவு வண்டியாக இருந்தது. 2016 டிசம்பரில் பஜாஜ் டொமினார் 400 வந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் டிவிஎஸ் நிறுவனத்தின் அப்பாச்சி ஆர்ஆர் 310 வந்தது. 1911-ல் மதுரையில் டி.வி.சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய தொழிலின் வழியில் வந்த நிறுவனம் இது. வண்டி தயாராவது ஓசூரில்.

350 என்ற எண் ஏன் முக்கியம்?

முன்பு எல்லா பெட்ரோல் பைக்குக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதம். 350 சிசிக்கு மேல் என்றால் கூடுதலாக 3 சதவீத செஸ். ஆக 28-க்கும் 31-க்கும் பெரிய இடைவெளி இல்லை. 2025 செப்டம்பர் 3-ம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் எடுத்த முடிவு, அதே மாதம் 22-ம் தேதி அமலுக்கு வந்தது. அதன்படி 350 சிசி வரை 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். 3 சதவீதமாக இருந்த இடைவெளி ஒரே நாளில் 22 சதவீதமாகிவிட்டது.

வரி மாறியபோது கோட்டுக்கு மேலே இருந்தவை: டொமினார் 400 (373 சிசி), ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 (452 சிசி), இன்டர்செப்டர் 650 (648 சிசி). கோட்டுக்குக் கீழே இருந்தவை: சுசுகி ஜிக்ஸர் எஸ்எஃப் 250 (249 சிசி), டொமினார் 250 (248 சிசி), அப்பாச்சி ஆர்ஆர் 310 (312 சிசி). 2025 அக்டோபரில் வந்த அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300-ம் (299 சிசி) கீழேதான்.

பெயரில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். இன்ஜினின் உண்மையான சிசி எவ்வளவு என்பதை ஷோரூமில் கேட்டுப் பாருங்கள். வரி அதை வைத்துத்தான்.

ஒரே அடக்க விலை... 57 ஆயிரம் வித்தியாசம்!

ஜிஎஸ்டி மட்டுமல்ல, இன்சூரன்ஸும் இதே 350-ல்தான் தாவுகிறது. புது டூவீலருக்கு 5 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022 ஜூன் 1 முதல் அமலான விகிதப்படி, 150 முதல் 350 சிசி வரை இதற்கான பிரீமியம் 7,365 ரூபாய். 350-ஐத் தாண்டினால் 15,117 ரூபாய். அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். தமிழகத்தில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள பைக்குக்கு வாழ்நாள் சாலை வரி 12 சதவீதம். ஜிஎஸ்டி சேர்த்து விலை ஏறினால், சாலை வரியும் கூடவே ஏறும்.

வரிக்கு முன் 2 லட்சம் ரூபாய் விலையுள்ள இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று கோட்டுக்குக் கீழே, இன்னொன்று மேலே.

- ஜிஎஸ்டி சேர்த்து: 2,36,000 ரூபாய் / 2,80,000 ரூபாய்
- சாலை வரி 12 சதவீதம்: 28,320 ரூபாய் / 33,600 ரூபாய்
- 5 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு: 7,365 ரூபாய் / 15,117 ரூபாய்
- மொத்தம்: 2,71,685 ரூபாய் / 3,28,717 ரூபாய்

வித்தியாசம் 57,032 ரூபாய். காப்பீட்டின் மீதான ஜிஎஸ்டி, நம் வண்டிக்கான சேதக் காப்பீடு, பதிவுக் கட்டணம், ஹேண்ட்லிங் எல்லாம் இதில் சேரவில்லை. இந்த 57 ஆயிரத்தில் ஒரு ரூபாய்கூட இன்ஜினுக்கோ பிரேக்குக்கோ போவதில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

மாதம் எவ்வளவு கை கடிக்கும்?

வாங்கும் விலையைவிட, வாங்கிய பிறகு மாதாமாதம் போகும் பணம்தான் வீட்டு பட்ஜெட்டை உலுக்கும். பேரையூரில் இருந்து மதுரைக்குத் தினமும் வேலைக்குப் போய்வரும் ஒருவரை உதாரணமாக வைப்போம். போக வர சுமார் 100 கி.மீ. மாதம் 25 நாள் என்றால் 2,500 கி.மீ.

இப்போதைய 150 சிசி வண்டி லிட்டருக்கு 50 கி.மீ. தருகிறது என்றால் 50 லிட்டர் போதும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் 5,000 ரூபாய். 35 கி.மீ. தரும் 250 சிசிக்கு மாறினால் 7,140 ரூபாய். 28 கி.மீ. தரும் 400 சிசிக்கு மாறினால் 8,930 ரூபாய். அதாவது பெட்ரோலில் மட்டும் மாதம் 3,900 ரூபாய் கூடுதல்.

இதோடு கடன். 2 லட்சம் ரூபாயை 11 சதவீத வட்டியில் 3 ஆண்டுக்கு எடுத்தால், இஎம்ஐ சுமார் 6,550 ரூபாய். மூன்று ஆண்டில் வட்டியாக மட்டும் 35 ஆயிரத்துக்கு மேல் போகும். இஎம்ஐ, கூடுதல் பெட்ரோல் இரண்டையும் கூட்டினால் மாதம் 10 ஆயிரத்தைத் தாண்டுகிறது. சம்பளத்தில் இதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மூன்று மாதம் வாழ்ந்து பார்ப்பது நல்ல ஒத்திகை. அந்தப் பணமே முன்பணமாகவும் சேரும்.

அத்தனை பவர் தேவையா?

டொமினார் 400-ன் திறன் 40 பிஎஸ். ஜிக்ஸர் எஸ்எஃப் 250-க்கு 26.5 பிஎஸ். சமதளச் சாலையில் சீராக 80 கி.மீ. வேகத்தில் ஓட, காற்றின் எதிர்ப்பையும் டயரின் உராய்வையும் சமாளிக்க 10 பிஎஸ் கூடத் தேவைப்படாது. வேகம் ஏற ஏறத்தான் காற்று எதிரியாகிறது. 80-ல் இருந்து 120-க்குப் போனால், காற்றைக் கிழிக்க மட்டும் மூன்று மடங்குக்கும் மேல் திறன் வேண்டும். பெரிய இன்ஜினின் பலம் வெளிப்படுவது அங்கேதான்.

ஆனால் அந்த வேகத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. மத்திய அரசின் 2018 அறிவிக்கைப்படி, நான்குவழிச் சாலையில் பைக்குக்கு அதிகபட்ச வேகம் 80 கி.மீ. நடுவில் தடுப்பு இல்லாத மற்ற சாலைகளில் 60. மாநில அரசு இதைவிடக் குறைக்கலாம். பேரையூரில் இருந்து டி.கல்லுப்பட்டிக்கோ உசிலம்பட்டிக்கோ போகும் ரோட்டில் டிராக்டர், ஆடு மாடு, குறுக்கே திரும்பும் மொபெட் எல்லாம் உண்டு. அங்கே 60-ஏ தாராளம்.

அப்போ பெரிய வண்டியில் லாபமே இல்லையா? இருக்கிறது. 150 சிசி வண்டி 80-ல் முக்கி முனகி ஓடும். 250, 300 சிசி அதே வேகத்தில் நிதானமாக ஓடும். இரண்டு பேர், பின்னால் பை என்று போடிமெட்டு ஏறும்போது அடிக்கடி கியர் குறைக்க வேண்டியதில்லை. பஸ்ஸை முந்த எடுக்கும் நேரம் குறையும். அகலமான டயர், வலுவான பிரேக், இரு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் கிடைக்கும். நான்கு மணி நேரம் ஓட்டி இறங்கும்போது உடம்பு வலி குறைவாக இருக்கும். இந்த லாபங்களில் பெரும்பகுதி 250 - 312 சிசியிலேயே கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் கொடுக்கும் பணம் பெரும்பாலும் 80-க்கு மேற்பட்ட வேகத்துக்கான பணம்.

லைசென்ஸ் ஒன்று, வண்டி வேறு

ஐரோப்பிய நாடுகளில் முதலில் 47 பிஎஸ் வரை மட்டும் ஓட்ட அனுமதிக்கும் லைசென்ஸ், பிறகுதான் பெரிய பைக் என்று படிப்படியான முறை இருக்கிறது. இங்கே கியர் பைக்குக்கு ஒரே லைசென்ஸ். 100 சிசியில் எட்டு போட்டுக் காட்டியவர், மறுநாளே 1,000 சிசி ஓட்டலாம். சட்டம் தடுக்காது என்பதால், நிதானம் நம்மிடம்தான் இருக்க வேண்டும்.

இது வெறும் அறிவுரை இல்லை. 2022-ல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் பேர் டூவீலரில் சென்றவர்கள். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் தமிழகம்தான் முதலிடம்: 64,105 விபத்துகள், 17,884 உயிரிழப்புகள். நாடு முழுக்க நடந்த உயிரிழப்புகளில் 71 சதவீதத்துக்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியிருக்கிறது.

80 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் பாய்கிறது. பிரேக்கைத் தொடும் முன்பே அந்தத் தூரம் போய்விடும். 193 கிலோ எடையுள்ள டொமினார் 400, 161 கிலோ ஜிக்ஸரைப் போல வளையாது. எடைக்குக் கை பழக நாளாகும். அதனால் பட்ஜெட்டில் முதல் 20 ஆயிரம் ரூபாயை ஐஎஸ்ஐ முத்திரையுள்ள நல்ல ஹெல்மெட் இரண்டு, ஜாக்கெட், கையுறை, கணுக்கால் மூடும் ஷூ என்று ஒதுக்குங்கள். 57 ஆயிரம் மிச்சமானால் இதற்கான பணம் அதிலேயே இருக்கிறது.

ஷோரூமில் கேட்க வேண்டியவை

- பக்கத்து சர்வீஸ் சென்டர் எங்கே? ஒவ்வொரு சர்வீஸுக்கும் மதுரை போய் ஒரு நாள் சம்பளம் விட வேண்டுமா?
- பின் டயர், செயின் செட், பிரேக் பேடு விலை என்ன? ஸ்டாக் இருக்குமா, ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டுமா?
- நின்ற இடத்தில் வண்டி சாய்ந்து ஃபேரிங் உடைந்தால் மாற்ற எவ்வளவு? ‘ஜீரோ டெப்’ காப்பீட்டில் வருமா?
- சித்திரை வெயிலில் கோரிப்பாளையம் நெரிசலில் நிற்கும்போது இன்ஜின் சூடு காலில் எப்படி அடிக்கும்? டெஸ்ட் ரைடை மதியம் கேளுங்கள்.
- பழைய வண்டிக்கு எக்ஸ்சேஞ்சில் தரும் விலையும் வெளியே விற்றால் கிடைக்கும் விலையும் எவ்வளவு?

யார் மாறலாம், யார் பொறுக்கலாம்?

தினமும் மதுரை போய்வருவதுதான் முக்கியப் பயன்பாடு, டூர் வருடத்துக்கு இரண்டு முறை என்றால் இப்போதைய வண்டியே போதும். நல்ல டயர், புது பிரேக் பேடு, சீட் குஷன் என்று சில ஆயிரம் செலவழித்தாலே கொடைக்கானல் பயணம் சுகமாகிவிடும்.

மாதம் ஒருமுறையாவது 300 கி.மீ.க்கு மேல், அதுவும் இருவராகப் போகிறவர் என்றால் மாறுவதில் அர்த்தம் இருக்கிறது. அவருக்கு 350-க்குக் கீழே உள்ள வண்டிகளே முதல் தேர்வு.

400, 650 சிசியை மனசு விடவில்லை என்றால், செகண்ட் ஹேண்ட் ஒரு வழி. முதல் உரிமையாளர் ஜிஎஸ்டியையும் வாழ்நாள் வரியையும் கட்டிவிட்டிருப்பார். ஆர்.சி.யில் கடன் நிலுவை, விபத்துத் தடயம், செயின் தேய்மானம் மூன்றையும் நம்பிக்கையான மெக்கானிக்கை வைத்துப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். ஓராண்டு மூன்றாம் நபர் காப்பீடு 1,366-க்குப் பதில் 2,804 ரூபாய் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எந்த வண்டியாக இருந்தாலும் டெஸ்ட் ரைடுக்குத் தனியாகப் போக வேண்டாம். பின் சீட்டில் உட்காரப்போகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாதி தூரம் பயணிக்கப்போவது அவரும்தான்.