சோறும் உமிழ்நீரும்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்திற் கிடைத்த முதலாம் பரமேசுவரவர்மனது செப்பேடு, பரமேசுவர தடாகம் என்னும் ஏரியையும், பாலாற்றினின்று அதற்கு நீர் கொணர்ந்த பெரும்பிடுகு என்னும் கால்வாயையும் கூறும். நெல்லுக்காக ஏழாம் நூற்றாண்டிற் பட்ட பாடு அத்தகையது. அந்நெல் சோறாகி வாயிற் புக்கபின் நிகழ்வதனை ஈண்டு ஆராய்வாம்.

சோற்றின் மாப்பொருள், குளுக்கோசு என்னும் சர்க்கரைக் கூறுகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் கோத்த சங்கிலியாம். நெடிய சங்கிலி குடற்சுவரைக் கடந்து குருதியிற் கலவாது, நாவிற்கும் இனியாது. அதனை வெட்டும் நொதி உமிழ்நீரிலுள்ள அமிலேஸ். குழம்பு சேராத கவளமொன்றை இரண்டு நிமிடம் மென்றால் மெல்ல இனிப்புத் தோன்றும். சங்கிலி அறுந்து மால்ட்டோசு பிறந்தமைக்கு நாவே சான்று. ஐயுறுவார், நீர்த்த கஞ்சியை இரு கிண்ணங்களில் வார்த்து, ஒன்றில் மட்டும் உமிழ்நீர் கலந்து, இளஞ்சூட்டிற் சிறிது நேரம் வைத்து, அயோடின் ஒரு துளி இடுக. தனிக்கஞ்சி கருநீலமாகும், மற்றதில் அந்நிறம் மங்கும், அன்றேல் தோன்றாது. உமிழ்நீரின் இவ்வாற்றலை 1831இல் லாய்க்ஸ் என்னும் ஜெர்மானியர் கண்டறிந்தார்.

இரைப்பையின் அமிலம் இந்நொதியை அடக்கிவிடும். எஞ்சிய வேலையைச் சிறுகுடலிற் கணையத்தின் அமிலேஸ் முடிக்கும். ஆதலின், மணியடித்ததும் விழுங்கி ஓடும் விடுதி மாணவராகிய நாமும் பிழைத்திருக்கிறோம்!

பச்சிளங் குழவியின் நிலை வேறு. பிறந்து சில திங்கள்வரை அதன் கணையத்தில் இந்நொதி மிகக் குறைவு. அழுகையைப் பசியென்றெண்ணி மூன்றாந் திங்களிலேயே கஞ்சி புகட்டுவார் இதனை அறிதல் வேண்டும். ஆறு திங்கள்வரை தாய்ப்பாலே போதுமென்று உலக சுகாதார நிறுவனமும் கூறுகின்றது. அதன்பின் ஊட்டுஞ் சோறும் குழைய வெந்திருத்தல் வேண்டும். வேகாத அரிசியின் மாப்பொருள் மணிகளை இந்நொதி எளிதில் அறுக்கமாட்டாது.