மர ரோவரின் காலைப் பாருங்கள்

மரத்தில் ரோவர் கோக்கும் பொம்மைப் பெட்டி வாங்கித் தந்தால் பிள்ளைக்கு விண்வெளி அறிவியல் வருமா என்பது இன்று பல பெற்றோரின் கேள்வி. லேசரில் வெட்டிய பிளைவுட் துண்டுகள், மரப் பல்சக்கரங்கள், முறுக்கிவிட ஒரு ரப்பர் பேண்டு; உள்ளே இருப்பது இவ்வளவுதான், ஆனால் அட்டையில் செவ்வாய் கிரகமே சிவந்து கிடக்கும். பெட்டியின் மேல் எழுதியிருப்பதில் முக்கால்வாசியைத் தள்ளுபடி செய்துவிடலாம். மரக் கேமராவும் மரச் சூரியத்தகடும் ஒப்புக்குத்தான். விஷயம் இருந்தால் அது கால்களில் இருக்கும்.

2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 நிலவில் இறக்கிவிட்ட பிரக்யான் ரோவர் 26 கிலோ எடையும் ஆறு சக்கரங்களும் கொண்டது. காரில் உள்ளதுபோல் சுருள்வில் அதில் இல்லை. ஒவ்வொரு பக்கமும் இரண்டு சக்கரங்கள் ஒரு சிறு கையின் இரு முனைகளில். அந்தக் கையின் நடுப்பகுதி பெரிய கையின் ஒரு முனையில். பெரிய கையின் மறுமுனையில் மூன்றாவது சக்கரம். இந்த அமைப்பை ராக்கர்-போகி என்பார்கள். ஆறு சக்கரமும் சமமாக எடை தாங்கும்படி கைகளின் நீளத்தை வைத்தால் கணக்கு அழகாக விழுகிறது. ஒரு சக்கரம் 6 செ.மீ. கல்லில் ஏறினால் சிறு கையின் நடு 3 செ.மீ. உயரும், பெரிய கை உடலோடு சேரும் இடம் 2 செ.மீ. உயரும், இரு பக்கமும் சராசரியாகி உடலின் நடு 1 செ.மீ. மட்டுமே எழும். ஆறில் ஒரு பங்கு. (நிலவின் ஈர்ப்பும் ஆறில் ஒரு பங்குதான், அது தற்செயல். முடிச்சுப் போட வேண்டாம்.)

அந்தக் கடைசிச் சராசரியைச் செய்வது உடலின் குறுக்கே கிடக்கும் ஒரு தண்டு. இடப்பக்கக் கை முன்னால் சாய்ந்தால் வலப்பக்கக் கையை அதே அளவு பின்னால் சாய்க்கும். ஆரணியை அடுத்த திருமலைப் பக்கத்து நெசவாளர் பிள்ளைகளுக்கு இதை விளக்கப் படம் வேண்டாம், தறி போதும். சாதா நெசவில் ஒரு மிதியை அழுத்தினால் ஒரு விழுது இறங்கும். மேலே உருளையில் ஓடும் கயிறு மற்றதை ஏற்றும். இரண்டு மிதியையும் ஒன்றாக அழுத்திப் பாருங்கள், கயிறு விறைக்கும், விழுது அசையாது. ரோவரும் அப்படித்தான்: இரு பக்கமும் ஒரே நேரத்தில் ஒரே உயரம் ஏறினால் குறுக்குத் தண்டுக்கு வேலையில்லை, உடல் சேர்ந்தே சாயும். ஒரு வித்தியாசம், தறியை மிதிப்பது கால், ரோவரை மிதிப்பது கல்.

வரலாறு வேண்டுமென்றால்: 1980-களின் பிற்பகுதியில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் டொனால்ட் பிக்லர் இந்த அமைப்பை வடிவமைத்தார், 1997-இல் செவ்வாயில் சோஜர்னர் ரோவர் இதில் ஓடியது, பின்னால் வந்த நாசாவின் செவ்வாய் ரோவர்களும் இதே கால்களில்தான் ஓடின.

பூமியில் ஓடும் மர பொம்மையை வைத்து நிலவை எப்படிப் புரிந்துகொள்வது என்று கேட்கலாம். சக்கரங்கள் எடையைப் பங்கிடும் விகிதத்தைத் தீர்மானிப்பது கைகளின் நீளம். ஈர்ப்பு எங்கே எவ்வளவு என்பது அதை மாற்றாது. ரப்பர் பேண்டுக்குக் கல்லேறும் வலு ஏது என்பது நியாயமான கேள்வி. ஆனால் இந்தச் சராசரிக்கு மோட்டாரே தேவையில்லை, கையால் தள்ளினாலும் நடக்கும். மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது: பிளைவுட் லேசானது, மூட்டின் உராய்வு அதிகம், எனவே கால்கள் இறுகி நின்றுவிடும். உண்மை. மூட்டில் மெழுகு தேய்த்து, உடலின் மேல் நாலைந்து நாணயம் வைத்தால் கால்கள் இணங்கும். அதற்காக இந்த அமைப்பை மந்திரமாக்கவும் வேண்டாம். விநாடிக்கு ஒரு செ.மீ. வேகத்தில் ஊர்ந்த பிரக்யான், ஆகஸ்ட் 27 அன்று 4 மீட்டர் அகலப் பள்ளம் ஒன்றைக் கண்டு, வந்த தடத்திலேயே திரும்ப வேண்டியிருந்தது.

ஆகவே வாங்குமுன் கோக்கும் விளக்கப்படத்தைப் பிரித்துப் பாருங்கள். குறுக்குத் தண்டு நடுவில் சுழல்கிறதா, கைகள் தனித்தனியே ஆடுகின்றனவா? அவற்றை ஒட்டிவிடச் சொல்லியிருந்தால் அது அலமாரி பொம்மை. அதற்கு ரோவர் விலை கொடுக்காதீர்கள்.