உணர்விழந்த பாதமும் மேற்பூச்சு மருந்தும்

எரிக்கோ செல்லும் வழியில் கள்வர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனின் காயங்களில் நல்ல சமாரியன் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டினான் என்று லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். எசேக்கியா அரசனின் கட்டியின்மீது அத்திப்பழ அடை வைக்கும்படி எசாயா இறைவாக்கினர் பணித்ததாகப் பழைய ஏற்பாடு கூறுகிறது. புண் எங்கேயோ அங்கேயே மருந்து என்பது மனிதனுக்கு இயல்பாகத் தோன்றும் எண்ணம். இன்றும் நம் பங்குக் குடும்பங்களில் எவருக்கேனும் காலில் புண் கண்டால், முதலில் தேடப்படுவது அலமாரியிலுள்ள சோஃப்ராமைசின் களிம்பு, அல்லது நெபாசல்ஃப் தூள். கேப்சூலைப் பிரித்து உள்ளிருக்கும் பொடியைப் புண்ணில் தூவுகின்ற வீடுகளும் உண்டு.

சிறு சிராய்ப்புக்கு இவ்வளவே போதும். நீரிழிவுள்ள ஒருவரின் பாதப் புண்ணுக்கும் இது போதுமா என்பதே நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் கேள்வி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடைபெற்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என்று மதிப்பிட்டது. ஆகவே இது எவருடைய வீட்டுக்கோ உரிய கேள்வி என்று ஒதுக்கிவிட இயலாது.

நீரிழிவு பல்லாண்டு நீடிக்கையில் பாதத்து நரம்புகள் மெல்ல மெல்ல உணர்விழக்கின்றன. முள் தைத்தாலும், செருப்பின் ஆணி குத்தினாலும், வெயிலில் காய்ந்த தரை சுட்டாலும் அவருக்குத் தெரிவதில்லை. மொலக்காய்த் தீவில் தொழுநோயாளரிடையே உழைத்த புனித தமியான் அடிகளாரை நினைத்துப் பாருங்கள். 1884-ஆம் ஆண்டின் இறுதியில், சுடுநீரில் வைத்த கால் கொப்பளித்தும் தமக்குச் சூடு தெரியாததைக் கண்டபோதுதான் அந்நோய் தம்மையும் பற்றிவிட்டதை அவர் அறிந்துகொண்டார். நோய் வேறு, பாதம் படும் பாடு ஒன்றே.

இவ்வொற்றுமையை உலகுக்கு எடுத்துக் காட்டியவர்களுள் முதன்மையானவர் நம் கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட். அவர் நம் திருச்சபையைச் சார்ந்தவரல்லர். மறைபரப்பு ஊழியரின் மைந்தர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய நாள்களில், தொழுநோயாளரின் விரல்களை நோய் தின்றுவிடுவதில்லை என்றும், வலி தெரியாமையால் நாள்தோறும் உண்டாகும் காயங்களே அவற்றைத் தேய்த்து அழிக்கின்றன என்றும் கண்டார். பின்னர் அமெரிக்காவில், லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் பணியேற்றபோது, நீரிழிவுள்ளோரின் பாதங்களிலும் அதே அழிவைக் கண்டு அதே சிகிச்சையைக் கையாண்டார். (அம்மருத்துவமனையில் 1896 முதல் நோயாளரைப் பேணி வந்தவர்கள் புனித வின்சென்ட் தே பவுலின் பிறரன்புக் கன்னியர் என்பதை நம் வாசகர்கள் அறிந்திருப்பது நன்று.) அவர் வலியுறுத்திய சிகிச்சையில் களிம்புக்கு முதலிடம் இல்லை. புண்ணுள்ள பாதத்தின்மீது உடலின் பாரம் விழாதபடி மாவுக்கட்டுப் போட்டு அதைக் காப்பதற்கே முதலிடம்.

ஆயினும் மருந்தை நேரே புண்ணில் இடுவோம் என்ற மருத்துவர்களின் யோசனை அறிவுக்கு ஒவ்வாதது அன்று. நீரிழிவினால் காலின் இரத்தக் குழாய்கள் குறுகிவிடுகின்றன. உட்கொண்ட மாத்திரை இரத்தத்தின் வழியேதான் பாதத்தை அடைய வேண்டும். இரத்தமே சரிவரச் செல்லாத இடத்துக்கு மருந்து எவ்வாறு செல்லும்? மேலும் ஜென்டாமைசின் போன்ற மருந்தை ஊசிமூலம் அதிகமாகச் செலுத்தினால் சிறுநீரகமும் செவியும் பழுதாகலாம். புண்ணிலேயே வைத்தால், உடலின் மற்ற உறுப்புகளுக்குப் பெருந்தீங்கின்றி அங்கே மிகுதியான மருந்து நிற்கும். இவ்வாறு எண்ணியே பலர் முயன்றனர்.

அவற்றுள் ஒரு முயற்சி சுவையானது. ஆப்பிரிக்கத் தவளை ஒன்றின் தோலில் கிருமிகளை அழிக்கும் பொருள் இருப்பதை அமெரிக்க அறிஞர் மைக்கேல் சாஸ்லாஃப் 1987-இல் வெளியிட்டார். அதைத் தழுவிச் செய்யப்பட்டது பெக்சிகானன் என்னும் களிம்பு. நீரிழிவுப் பாதத்தின் இலேசான தொற்றுடைய 800-க்கு மேற்பட்டோரிடம் அதனைச் சோதித்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. களிம்பு பூசியவர்களும் ஓஃப்லாக்சசின் மாத்திரை உட்கொண்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்ததாக அது கூறியது. நம்பிக்கை பிறந்தது. ஆனால் மருந்து கலவாத வெறுங்களிம்போடு அதை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளின் முடிவு 2016-இல் வந்தபோது, மருந்துள்ளது மேம்பட்டதாகத் தெரியவில்லை. ஜென்டாமைசின் தோய்ந்த கொலாஜன் பஞ்சும் அதே ஆண்டில் தோல்வியே கண்டது. வெறுங்களிம்பு பூசிப் புண்ணைத் துப்புரவாகப் பேணியவர்களிலும் பலர் தேறினர் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நீரிழிவுப் பாதத்திற்கான பன்னாட்டுச் செயற்குழுவும் அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கமும் இணைந்து 2023-இல் வெளியிட்ட நெறிமுறை இரண்டு செய்திகளைக் கூறுகிறது. தொற்று இல்லாத புண்ணுக்கு உள்ளுக்கும் வெளிக்கும் கிருமிக்கொல்லி வேண்டியதில்லை. தொற்று இருந்து மாத்திரையோ ஊசியோ கொடுக்கும்போது, அதனோடு மேற்பூச்சாகவோ பஞ்சாகவோ கிருமிக்கொல்லியைச் சேர்க்கப் பரிந்துரையில்லை. எலும்பை அரித்த தொற்றை அறுத்தெடுத்தபின், அக்குழியில் வேன்கோமைசின் முதலிய மருந்து கலந்த சுண்ணாம்பு மணிகளை இட்டு நிரப்பும் அறுவை மருத்துவர்கள் உண்டு. அம்மணிகள் சில வாரங்களில் கரைந்துவிடும். இதனையும் வழக்கமாக்கப் போதிய சான்று இதுவரை இல்லை என்றே அந்நெறிமுறை கருதுகிறது. அது அறுவை அரங்கில் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. நம் அலமாரிக் களிம்புக்கு அதைச் சான்றாகக் கொள்ளலாகாது.

மேற்பூச்சு ஏன் பயன்படுவதில்லை? பாதத்துப் புண் பெரும்பாலும் கிணறு போன்றது. வாய் சிறியது, உள்ளே ஆழம். மேலே காய்ப்பும் செத்த தசையும் மூடியிருக்கும். கிருமிகள் தமக்கென ஒரு வழுவழுப்பான படலத்தைக் கட்டிக்கொண்டு அதனுள் வாழும். மேலே தூவிய தூள் கட்டிதட்டி, உள்ளே நடப்பதைக் கண்ணுக்கு மறைத்துவிடும். நியோமைசின் வகை மருந்துகள் சிலருக்குத் தோலில் ஒவ்வாமையையும் உண்டாக்கும்.

எனினும் களிம்பு செய்யும் பெருந்தீங்கு இவற்றில் எதுவுமன்று. அது நாள்களைத் தின்றுவிடுகிறது. வலியில்லை, மருந்தும் போடுகிறோம், வரும் வாரம் பார்க்கலாம் என்று வீட்டார் இருந்துவிடுகின்றனர். பெரிய வியாழனன்று பன்னிருவரின் பாதங்களைக் கழுவும் பங்குக் குருக்களாகிய நாம், அவற்றுள் விரல் இழந்த பாதங்களையும் கண்டிருக்கிறோம். வலித்திருந்தால் அன்றே மருத்துவரிடம் ஓடியிருப்பார்கள். உணர்விழந்த பாதத்தில் வலியின்மை நற்செய்தியாகாது.

புண்ணைச் சுற்றிச் சிவப்பு, வீக்கம், சூடு, சீழ் இவற்றில் இரண்டு தோன்றினாலே தொற்று என்று கொண்டு மருத்துவரை நாட வேண்டும். காய்ச்சல், துர்நாற்றம், கருமை, விரைந்து பரவும் சிவப்பு ஆகியவை கண்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கே செத்த தசையை அகற்றுவார்கள், இரத்த ஓட்டத்தைச் சோதிப்பார்கள், பாரம் படாதிருக்க வழி செய்வார்கள். தசைத் தொற்றுக்குப் பொதுவாக ஒன்று அல்லது இரண்டு வாரங்கள், எலும்பை அகற்றாமல் எலும்புத் தொற்றைக் குணமாக்க ஆறு வாரங்கள் வரை கிருமிக்கொல்லி தருவார்கள். மருத்துவர் சொன்ன நாள்வரை அதை உட்கொள்ள வேண்டும். புண் வாய் மூடியதுபோல் தோன்றியதும் நிறுத்தலாகாது.

புண் வருமுன்னரே வீட்டில் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. பெரியவரைக் கண்ணை மூடச் சொல்லி, இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் ஓரிரு நொடி மெல்லத் தொடுங்கள், அழுத்த வேண்டாம். ஆறு இடங்களுள் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் அப்பாதம் காவல் இழந்தது. இங்கிலாந்தில் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் வகுத்த முறை இது. பேரப்பிள்ளைகள் இதை மகிழ்ச்சியோடு செய்வார்கள்.

இத்தகையோர் வீட்டுக்குள்ளும் வெறுங்காலுடன் நடக்கலாகாது. இங்கே நம் மக்களின் பக்தி குறுக்கிடுகிறது. ஆகஸ்ட் 29-இல் வேளாங்கண்ணியில் கொடியேறுவதற்கு முன்பே, தார்ச்சாலையில் வெறுங்காலுடன் பல நாள் நடந்து செல்வதாகப் பொருத்தனை செய்தவர்கள் நம்மிடையே பலர். அன்னைக்குக் கொடுத்த வாக்கை மீறுவதா என்று அஞ்சுகிறார்கள். அச்சம் வேண்டாம். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1197-ஆம் விதிப்படி, தனிப்பட்ட பொருத்தனை செய்தவர் அதை அதற்கு ஈடான அல்லது அதனினும் மேலான நற்செயலாகத் தாமே மாற்றிக்கொள்ளலாம். நியாயமான காரணமிருப்பின் 1196-ஆம் விதிப்படி பங்குக் குருவே அதினின்று விடுவிக்கலாம். எளிதான ஒன்றாகவும் மாற்றித் தரலாம். காலணியோடு பேருந்தில் சென்று வணங்கி, நடைபயணத்திற்கு ஆகும் செலவை ஓர் ஏழையின் மருந்துக்குக் கொடுப்பவர்கள் உண்டு. இவ்வாறு மாற்ற விரும்புவோர், பயணத்திற்கு மூட்டை கட்டும்வரை காத்திராமல், இம்மாதமே ஏதேனும் ஒரு நாள் திருப்பலி முடிந்ததும் தம் பங்குக் குருவிடம் கூறினால் போதும்.