அந்த 53 நிமிடங்கள்

ஜொகூரில் மாலை மழை வலுத்தால் முதலில் போவது ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சி. படம் கட்டம் கட்டமாக உடையும், பிறகு திரை கறுத்துவிடும். அதை ஒளிபரப்பும் மீசாட் செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. அவ்வளவு தூரம் பழுதில்லாமல் வரும் அலைக்குக் கண்டம் கடைசி ஐந்து கிலோமீட்டரில்தான். மழை நீர்த்துளியாக இருப்பது ஏறத்தாழ அந்த உயரத்துக்குள்.

ஆஸ்ட்ரோ வருவது சுமார் 12 கிகாஹெர்ட்ஸில். அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர். பருத்த மழைத்துளிகள் அந்த அலையை உறிஞ்சும், சிதறடிக்கவும் செய்யும். சிக்னல் 10 டெசிபெல் இழந்தால் மிஞ்சுவது ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு; 20 இழந்தால் நூறில் ஒரு பங்கு. செயற்கைக்கோள் இணையம் நாடும் 20 கிகாஹெர்ட்ஸில் அடி இன்னும் பலம்.

ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இந்த இழப்பை நீண்டகாலமாக ஆராய்ந்து வருகிறார்கள். இத்தகைய அளவீட்டுக்கு முக்கியக் கருவி ஒரு மழைமானி. புனலுக்கு அடியில் இரட்டைக் கிண்ணம்; குறிப்பிட்ட அளவு நீர் நிறைந்ததும் ஒன்று கவிழும், மற்றது மேலே வரும். ஒவ்வொரு கவிழ்ப்பும் நேரத்தோடு பதிவாகும். பக்கத்திலேயே ஒரு டிஷ், சிக்னலின் வலிமையை இடைவிடாமல் பதியும். வெயில் நாளின் அளவிலிருந்து மழை நேரத்து அளவைக் கழித்தால் இழப்பு தெரியும். அதிலும் கவனம் வேண்டும். டிஷ்ஷின் மேல் படியும் நீர்ப்படலமும் சிக்னலைத் தின்னும். அதைப் பிரித்தெடுக்காவிட்டால் பழி முழுவதும் வானத்து மழைமீது விழும்.

ஆண்டு மழையளவு இங்கே உதவாது. வேண்டியது நிமிடக் கணக்கு. ஆண்டில் 0.01 சதவீத நேரம், அதாவது சுமார் 53 நிமிடங்கள், மழை எந்த வேகத்தைத் தாண்டுகிறது என்பதே பொறியாளர் கேட்கும் கேள்வி. அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பழைய மண்டலப் பட்டியல் மலேசியாவைச் சேர்த்த பிரிவில் அது மணிக்கு 145 மில்லிமீட்டர். ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஆனால் உலகம் பயன்படுத்தும் கணிப்புச் சூத்திரங்களுக்கு அடிப்படையான அளவீடுகளில் பெரும்பாலானவை மிதவெப்ப நாடுகளில் எடுத்தவை. அவற்றை நம்பி நம் ஊருக்கு டிஷ் அளவு முடிவு செய்வது சரியல்ல.

ஸ்கூடாயின் அளவீடு ஜொகூர் முழுவதற்கும் போதாது என்பதும் என் கருத்து. பிற்பகல் இடிமழை சில கிலோமீட்டர் அகலத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடும். பத்திருபது கிலோமீட்டர் தள்ளி அதே சிக்னலை வாங்கும் இரண்டாவது நிலையம் இருந்தால் அந்த நிலையம் மழைக்குத் தப்பிவிடும். ஆனால் ஜொகூரின் கிழக்குக் கரையிலுள்ள மெர்சிங்கில் வடகிழக்குப் பருவமழை மணிக்கணக்கில், பரவலாகப் பெய்யும். அங்கே எவ்வளவு தள்ளி இரண்டாவது நிலையம் வைப்பது என்பதை அறிய அந்தக் கரையிலேயே மழைமானியும் டிஷ்ஷும் வைத்து அளக்க வேண்டும்.