இதை எப்படிப் போட்டே, சொல்லு பார்ப்போம்

52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்று சொல்லி சிவப்பு மையில் ஒரு சுழி சுழித்துவிட்டு அடுத்த நோட்டை எடுக்கிறோம். அதே பிள்ளையிடம் 81-லிருந்து 46-ஐக் கழிக்கச் சொல்லிப் பாருங்கள். 45 என்று வரும். 63-லிருந்து 38 போனால்? 35. கவனக்குறைவு இப்படி ஒழுங்காக நடக்காது. ஒன்றுகள் இடத்தில் 2-லிருந்து 7 போகாது என்பதால், 7-லிருந்து 2-ஐக் கழித்து 5 போடுகிறது பிள்ளை. பத்துகள் இடத்தில் 5-லிருந்து 2 போக 3. எப்போதும் பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று முதல் வகுப்பில் நாம் சொன்னதை அது அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது.

இந்த மாதிரித் தப்புகளை 1978-ல் அமெரிக்காவின் ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் வகைப்படுத்தினார்கள். கடன் வாங்கிவிட்டுப் பக்கத்து இலக்கத்தைக் குறைக்க மறப்பது, 0-லிருந்து எதைக் கழித்தாலும் அந்த எண்ணையே விடையாக எழுதுவது என்று பட்டியல் நீண்டது. ‘பக்கி’ என்ற கணினி நிரலையும் உருவாக்கினார்கள். கணினி தப்பாகக் கழிக்கும் மாணவனாக நடிக்கும். அது எந்த விதியைப் பின்பற்றுகிறது என்பதை ஆசிரியர் கண்டுபிடிக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி இருக்க முடியாது என்பேன்.

நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் விதியையும் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஒருவருக்கு ஒருவர் என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதன் அருமை இங்கேதான் தெரிகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் புளூம் 1984-ல் வெளியிட்ட கட்டுரை கல்வித் துறையையே அசைத்தது. தனியாகப் பயின்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரைத் தாண்டியிருந்தார்.

அந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. அந்தக் கட்டுரைக்கு அடிப்படையான ஆய்வுகள் சில வாரங்களே நடந்தவை. தனியாகப் பயின்றவர்கள் அடுத்த பாடத்துக்குப் போக அதிக மதிப்பெண்ணும் எடுக்க வேண்டியிருந்தது. 2020-ல் தனிப்பயிற்சி பற்றிய 96 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பலன் இதைவிடக் குறைவாகத்தான் இருந்தது: நூறு பேரில் நடுவில் நிற்கும் மாணவர் ஏறத்தாழ 64 பேரைத் தாண்டும் அளவுக்கு முன்னேறுகிறார். இவற்றில் சிறு குழுப் பயிற்சிகளும் அடக்கம். ஒரு கல்வித் திட்டத்துக்கு இதுவே பெரிய வெற்றி.

ஆனால் தனியாக உட்கார வைத்தாலே போதுமா? பென்னி என்ற பெயரில் அறியப்படும் 12 வயதுச் சிறுவனின் கதை இதற்குப் பதில் சொல்கிறது. இரண்டாம் வகுப்பிலிருந்தே அவன் படித்தது, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் உருவாக்கிய தனிநபர் பாடத்திட்டத்தில். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் பயிற்சித் தாள்களை முடிக்கும். விடைத்தாளோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவார்கள். 80 சதவீதம் வந்தால் அடுத்த படி. பென்னி நன்றாகப் படிக்கிற பையன் என்றுதான் ஆசிரியர் நினைத்திருந்தார். ஆய்வாளர் ஸ்டான்லி எர்ல்வாங்கர் அவனோடு உட்கார்ந்து பேசினார். பத்தில் இரண்டைத் தசமத்தில் எழுது என்றால் 1.2 என்றான். 2-ஐயும் 10-ஐயும் கூட்டினால் 12, நடுவில் ஒரு புள்ளி. பதினொன்றில் நான்கு? 1.5. நான்கில் பதினொன்று? அதுவும் 1.5. இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. விடைத்தாளில் இருப்பதோடு எப்படியாவது பொருந்த வேண்டும், அதுதான் கணக்கு என்று அவன் நம்பியிருந்தான். 1973-ல் வெளியான இந்த ஆய்வைப் படிக்கும்போது மனசு கனக்கிறது. எத்தனையோ வருஷம் தனித்தனியாகப் படிக்க வைத்தும், ‘எப்படி வந்தது?’ என்று அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை. இன்றைய கணக்குச் செயலிகள் பலவற்றுக்கும் இதே குறை உண்டு.

ஆசிரியர்களே எதிரில் இருந்தாலும் இது தானாக நடந்துவிடாது. அனுபவமுள்ள ஆசிரியர்கள் தனியாகக் கூட்டல் சொல்லிக்கொடுப்பதை ரால்ஃப் புட்னம் கவனித்து 1987-ல் எழுதினார். தப்பின் காரணத்தைத் தோண்டாமல், மனதில் வைத்திருந்த பாட வரிசையிலேயே பெரும்பாலும் போனார்களாம். மிஷெலின் சீ குழு 2001-ல் இன்னொரு சோதனை செய்தது. பாடம் ரத்த ஓட்டம். விளக்கம் சொல்லாமல் கேள்விகளால் தூண்ட மட்டும் செய்யுங்கள் என்று பயிற்றுநர்களைக் கேட்டுக்கொண்டார்கள். விளக்கம் கேட்ட மாணவர்கள் அளவுக்கே, கேள்விகளால் மட்டும் தூண்டப்பட்ட மாணவர்களும் கற்றுக்கொண்டார்கள். பேச வேண்டியது பிள்ளைதான்.

ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொடுக்கும்போது பயமும் குறைகிறது. ஸ்டான்ஃபோர்டில் வினோத் மேனன் குழு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 8 வாரம் தனிப்பயிற்சி கொடுத்தது. கணக்கு என்றாலே நடுங்கிய பிள்ளைகளுக்குப் பதற்றம் தணிந்தது. பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் செயல்பாடும் குறைந்ததை ஸ்கேன் காட்டியது. இந்த ஆய்வு 2015-ல் வெளியானது.

டியூஷனுக்கு அனுப்பும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஒரு மணி நேரத்தில் எத்தனை கணக்கு போட வைத்தார்கள் என்று விசாரிக்காதீர்கள். பிள்ளை எவ்வளவு நேரம் வாய்விட்டுச் சொன்னது என்று விசாரியுங்கள். வீட்டில் நோட்டைப் பார்க்கும்போது, தப்பு என்று சொல்வதற்கு முன்னால், “இதை எப்படிப் போட்டே, சொல்லு பார்ப்போம்” என்று கேளுங்கள். சரியாக வந்த கணக்குக்கும் அதையே கேளுங்கள். தப்பான கணக்குக்கு மட்டும் கேட்டால், கேட்டவுடனேயே பிள்ளை ரப்பரைத் தேட ஆரம்பித்துவிடும்.