மருந்தடிக்கும் கருவியை எதனால் கழுவுவது?

மொறகஹகந்த, களுகங்கை நீர்த்தேக்கங்களுக்காக ஊர் பெயர்ந்து வந்த பல வீடுகளில் முதுகில் சுமக்கும் தெளிகருவி ஒன்றுதான் உண்டு. அதே கருவியால் வயலுக்குக் களைநாசினியும் தோட்டத்துக்குப் பூச்சிநாசினியும் அடிக்க வேண்டியிருக்கிறது. ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. நெல்வயலில் அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் எம்.சி.பி.ஏ. மருந்தின் சிறு மீதி தாங்கியில் இருந்தாலும், அடுத்து அடிக்கப்படும் மிளகாய், தக்காளி, கத்தரி ஆகியவற்றின் இலைகள் சுருண்டு, போகமே வீணாகலாம்.

ஆகவே கழுவுவது அவசியம். ஆனால் எதனால் கழுவுவது?

முதலில் நீர். வேலை முடிந்தவுடன், மருந்து காயுமுன், மூன்று முறை சிறிதளவு நீர் விட்டுக் குலுக்கி, குழாய் வழியாக அதே வயலிலேயே தெளித்துவிடுங்கள். கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கழுவ வேண்டாம்.

அடுத்து சலவைச் சோடா. பத்து லீற்றர் நீருக்கு ஏறக்குறைய 50 கிராம் போதும். கொஞ்சம் தெளித்துக் குழாயையும் நிரப்பி, இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாள் பயிரில்லாத இடத்தில் வெளியேற்றி, நல்ல நீரால் இருமுறை அலசுங்கள். சோடா மீதியிருந்தால் அடுத்த மருந்தின் வலு குறையும். முனையைக் கழற்றிச் சவர்க்கார நீரில் பழைய பல்தூரிகையால் தேயுங்கள். அடைப்பை வாயால் ஊதி எடுக்க வேண்டாம். எப்போதும் கையுறை அணியுங்கள்.

அமோனியாவும் களைநாசினியை நீக்கும். ஆனால் அது பித்தளைக்கு எதிரி. பிரித்தானியரின் இந்தியப் படையில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே வெடித்தன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவே காரணம் என்பது 1921இல் விளக்கப்பட்டது. ஆகவே பித்தளை முனையுள்ள கருவியை மாட்டுக் கொட்டிலில் தொங்கவிடவும் வேண்டாம்.

மண்ணெண்ணெயும் பெற்றோலும் இறப்பர் வாசர்களை ஊதிப் பெருக்கச் செய்யும். பின்னர் மருந்து முதுகில் ஒழுகும். கழிவறை கழுவும் அமிலம் பித்தளையை அரிக்கும். வெளிற்றும் தூளை அமிலத்துடனோ அமோனியாவுடனோ சேர்த்தால் நச்சு வாயு எழும். ஆகையால் இரண்டு சுத்திகரிப்புப் பொருட்களை ஒருபோதும் கலக்காதீர்கள்.

முனையில் சுண்ணாம்போ பச்சைக் களிம்போ படிந்தால், வெதுவெதுப்பான நீரில் வினாகிரி கலந்து சில நிமிடங்கள் மட்டும் ஊறவைத்து, நன்றாக அலசுங்கள். சுழியோடிகள் கடலுக்கடியில் மூச்சுவிடும் கருவியிலும் இதே பித்தளையும் இறப்பர் வளையங்களும் உண்டு. அதைப் பழுதுபார்ப்போரும் உப்புப் படிவை இவ்வாறே நீக்குகின்றனர். அதிக நேரம் ஊறினால் மேற்பூச்சு கெடும் என்பதால் நேரத்தைப் பார்த்தே எடுப்பர். இறப்பருக்குப் பெற்றோலிய எண்ணெய் பூசாமல் சிலிக்கோன் கிறீஸ் பூசுவர். நாமும் வாசர்களுக்கு அதையே பூசலாம்.

இயலுமானால் அயலவர் இருவர் சேர்ந்து, ஒரு கருவியைக் களைநாசினிக்கும் மற்றதைப் பூச்சிநாசினிக்குமென ஒதுக்கி, வர்ணப் புள்ளியிட்டு வையுங்கள். அப்போதும் கழுவத்தான் வேண்டும். ஆனால் மிளகாய்க் கன்று கருகும் பயம் இராது.